ரெண்டு கோரும் நாலு கோரும்

"சித்தி, அந்த நாலு கோர் இருக்கறதை எனக்குக் குடுத்துருங்க. தாத்தாவுக்கு ரெண்டு கோர் போதும்ல?"

அக்கா மகள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. என் மேசையில் இரண்டு பழைய லேப்டாப்கள் இருந்தன. ஒன்றில் இன்டெல் கோர் ஐ3-5005யு ப்ராசசர், இன்னொன்றில் இன்டெல் பென்டியம் என்3710. கோர் என்பது ப்ராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு கணக்குப் பிரிவு. முதலாவதில் இரண்டு கோர், இரண்டாவதில் நான்கு. முதலாவது 2015-ன் தொடக்கத்தில் வெளிவந்தது, இரண்டாவது 2016-ன் தொடக்கத்தில். இரண்டுமே 14 நானோமீட்டர் முறையில் செய்தவை. வேகத்தைப் பார்த்தால், ஐ3 எப்போதும் 2.0 கிகாஹெர்ட்ஸ்தான், தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ அதற்குக் கிடையாது. பென்டியம் 1.6-ல் தொடங்கி 2.56 வரை ஏறும். காகிதத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பென்டியம்தான் மேல் என்று தோன்றும்.

அவள் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். இந்த வருடம் சி++, அடுத்த வருடம் பைத்தான். இன்னொரு லேப்டாப் பொள்ளாச்சி பக்கம் தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்கு. செய்தி படிக்க, யூடியூப் பார்க்க, பேரப்பிள்ளைகள் அனுப்பும் வீடியோக்களைப் பெரிய திரையில் பார்க்க. எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஐ3-க்கு 9,000, பென்டியத்துக்கு 6,000 கொடுத்தாயிற்று. மீதி 5,000-ல் இரண்டையும் ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

காந்திபுரத்தில் பென்டியத்தை விற்ற கடைப் பையனும் இதையேதான் சொன்னான். "அக்கா, இதுல நாலு கோருங்க. வருஷமும் இதுதான் புதுசு. ஐ3-ங்கற ஸ்டிக்கருக்குத்தான் அங்க காசு வாங்கறாங்க." அவன் சொன்ன எண்கள் எல்லாமே உண்மை. ஆனால் அந்த எண்களை வைத்து ஒரு பிள்ளைக்கு மூன்று வருடம் உழைக்கப்போகும் கருவியைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் அவளிடம் சொன்னேன்: "ரெண்டையும் ஒரே மாதிரி தயார் பண்ணுவோம். நீயே ஓட்டிப் பாரு. அப்புறம் உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ."

சனிக்கிழமை காலையில் ஐ3-யில் தொடங்கினோம். கட்டுப்படியாகும் விலையில் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. பாட்டரி அரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம்தான் நிற்கும், விசிறி எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும். விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸைப் பென்டிரைவில் இருந்து ஓட்டி வெப்பநிலையைப் பார்த்தால், கொஞ்சம் வேலை கொடுத்ததுமே 88 டிகிரி.

அடிமூடியைத் திறக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இட்லித் தட்டை எடுத்து வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழியும் லேப்டாப்பின் ஒரு மூலை. எந்த மூலையில் எடுத்த திருகோ அந்தக் குழியில் போட வேண்டும். நீளமான திருகை நீளம் குறைந்த ஓட்டையில் முடுக்கினால் கைவைக்கும் மேல்மூடியில் முகப்பரு போல் புடைத்துவிடும், சில சமயம் போர்டையே துளைத்துவிடும். பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் இரண்டு திருகுகள் ஒளிந்திருந்தன. அதைக் கவனிக்காமல் நெம்பினால் கிளிப் உடையும். எல்லாத் திருகும் வெளியே வந்ததை எண்ணிப் பார்த்த பிறகுதான் பழைய ஏடிஎம் அட்டையை விளிம்பில் நுழைத்துச் சுற்றிக்கொண்டு வந்தோம். மூடி கழன்றதும் முதல் வேலை, பாட்டரி இணைப்பைப் பிடுங்குவது. வேறு எதையும் அதற்கு முன் தொடக்கூடாது.

விசிறிக்கும் செம்புக் குழாயின் துடுப்புகளுக்கும் நடுவில் தூசி ஒரு கம்பளி போலவே படிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகத் தெரியும். விசிறியைக் கழற்றிப் பார்த்தால்தான் அந்தத் துணி தெரியும். வெறுமனே ஊதிவிட்டால் அது இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், கையால் உரித்து எடுக்க வேண்டும். வெப்பக்கடத்தியைத் தூக்கியதும் அடியில் ஒரே பச்சைத் தகட்டில் இரண்டு சில்லுகள். பெரியது ப்ராசசர். பக்கத்தில் இருக்கும் சின்னது, டிஸ்க், யுஎஸ்பி போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் துணைச் சில்லு. சில்லில் இருந்து வெப்பத்தைக் கடத்தும் பழைய பசை சுண்ணாம்பு மாதிரி காய்ந்து பொடியாக உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அரிசி மணி அளவு புதுப் பசை வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். பசை 150 ரூபாய். அதே வேலையில் வெப்பநிலை 67-க்கு இறங்கியது. லேப்டாப் விசிறி அடங்கிய பிறகுதான் அறையின் கூரை மின்விசிறிச் சத்தமே எங்களுக்குக் கேட்டது.

ரேமில் ஒரு நாள் போயிற்று. அந்த ஐ3 போர்டில் 4 ஜிபி நேரடியாகப் பற்றவைத்திருக்கிறது, கூடவே காலியாக ஒரு துளை. பழைய 4 ஜிபி ரேம் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். திரை கறுப்பு. எடுத்தால் ஓடுகிறது, போட்டால் கறுப்பு. பிடுங்கி, முனைகளைத் துடைத்து, மறுபடி போட்டு, அரை மணி நேரம் போன பிறகுதான் ஸ்டிக்கரைப் படித்தேன். பிசி3-12800எஸ் என்று இருந்தது. வேண்டியது பிசி3எல்-12800எஸ். அந்த ஒரு 'எல்' எழுத்துதான் விஷயம். டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில். அடியில் உள்ள வெட்டு, நீளம், 204 முனைகள் எல்லாம் ஒன்றே, அதனால் துளையில் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் இந்தத் தலைமுறை ஐ3 குறைந்த வோல்ட்டை மட்டும்தான் ஏற்கும். கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக்கொடுத்தார். பழைய ரேம் வாங்கப்போகிறவர்கள் அந்த 'எல்'லைக் கடையிலேயே நின்று படித்துவிடுங்கள்.

சரியான ரேமைப் போட்டதும் இன்னொரு லாபம் கிடைத்தது. போர்டில் 4, துளையில் 4 என்று இரண்டு வழியாகவும் ப்ராசசர் ஒரே நேரத்தில் நினைவகத்தைப் படிக்கும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத இந்த மாதிரி லேப்டாப்களில் திரைக்கான வேலையும் அதே ரேமைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் 4-ல் இருந்து 8 ஆனது மட்டும் அல்ல, வழியும் இரண்டானது.

பென்டியத்தைத் திறந்தபோது சொல்ல அதிகம் இல்லை. விசிறியே கிடையாது. மெல்லிய உலோகத் தகடு ஒன்று சில்லின் மேல் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சில்லுக்கு 6 வாட் வெப்ப வரம்பு, ஐ3-க்கு 15. துணைச் சில்லும் தனியாக இல்லை, எல்லாமே ஒன்றுக்குள் அடக்கம். ரேம் துளை ஒன்றே ஒன்று, அதில் 4 ஜிபி. இந்தச் சில்லு அதிகபட்சம் 8 ஜிபிதான் ஏற்கும், ஐ3 16 வரை ஏற்கும். கையில் காசு குறைந்துகொண்டே வந்ததால் அந்த 4-ஐ அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டிலுமே ப்ராசசரை மாற்ற வழியில்லை, போர்டோடு பற்றவைத்தவை. ரேம், டிஸ்க், பாட்டரி இந்த மூன்றும்தான் நம் கையில் இருப்பவை. அதனால்தான் வாங்கும்போதே ப்ராசசரில் ஏமாறக்கூடாது என்று இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

இரண்டிலும் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தது. சுழலாத, வேகமான புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியை மாட்டுவதற்கு முன்னால் அக்கா மகளைச் சும்மா இரண்டையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஐ3 ஆன் ஆகி பிரவுசர் திறக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, பென்டியம் இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டியது. "ரெண்டும் ஒண்ணுதான் சித்தி. ரெண்டுமே ஆமைதான்" என்றாள். அவள் சொன்னது சரி. ஹார்ட் டிஸ்க் இருக்கும் வரை ப்ராசசர் பெரும்பாலான நேரம் டிஸ்க்கிடம் இருந்து தரவு வரட்டும் என்று கைகட்டிக் காத்திருக்கும். காத்திருப்பதில் வேகமான ப்ராசசர் என்ன, மெதுவான ப்ராசசர் என்ன? பழைய லேப்டாப் கடைகளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் பலர் வித்தியாசம் தெரியாமல் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போவது இதனால்தான். அவர்களுக்குக் காட்டுவது டிஸ்க்கின் வேகம்.

ஆளுக்கு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி, ஒன்று 1,800 ரூபாய். இரண்டிலும் லினக்ஸ் மின்ட் 22, அதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் கோர் வரிசையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அதிகாரபூர்வ இடம். இந்த இரண்டுமே அந்தப் பட்டியலில் இல்லை. மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அவள் கல்லூரி முதல் ஆண்டைத் தாண்டும் வரை அது போதும். தமிழ்99 விசைப்பலகையையும் இரண்டிலும் போட்டுவிட்டேன். அப்பா யூடியூபில் தமிழில் தேடுகிறவர், அது இல்லாமல் முடியாது.

எஸ்எஸ்டி போட்ட பிறகுதான் இரண்டின் நிஜ முகமும் தெரிந்தது. ஐ3 சுமார் 20 வினாடியில் மேசைத்திரைக்கு வந்தது, பென்டியத்துக்கு 30-க்கு மேல் ஆனது. அதைவிட, உள்ளே போன பிறகு வித்தியாசம் இன்னும் கூடியது. லிப்ரே ஆபிஸ் திறக்கும் நேரம், கனமான இணையப் பக்கம் ஒன்றைச் சுருட்டும்போது வரும் தடுக்கல், மெனுவைச் சொடுக்கியதும் அது விரியும் அந்த நொடி, எல்லாவற்றிலும் ஐ3 முன்னால் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். "எப்படி சித்தி, இது ரெண்டு கோர் தானே?" என்றாள்.

அதை அவளே எழுதிப் பார்க்கட்டும் என்று விட்டேன். குறிப்பிட்ட எண் வரை பகா எண்களை எண்ணும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதினாள். விடுமுறையிலேயே பைத்தான் தொட்டுவிட்டாள், அதனால் பத்து நிமிட வேலை. ஒரே நிரல், ஒரே எண், இரண்டிலும் ஓட்டினோம். ஐ3-யில் 22 வினாடி, பென்டியத்தில் 40. கிட்டத்தட்ட இரட்டிப்பு. கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரி, இப்ப அதே நிரலை நாலு டெர்மினல்ல ஒரே நேரத்துல ஓட்டு" என்றேன். நான்கும் முடிய ஐ3-க்கு 35 வினாடி ஆனது, பென்டியத்துக்கு 46. அவள் நோட்டில் நான்கு எண்களையும் எழுதிவைத்துவிட்டு ஒரு விஷயத்தைத் தானாகவே பிடித்தாள்: பென்டியத்தில் ஒன்று ஓடினாலும் நான்கு ஓடினாலும் நேரம் பெரிதாகக் கூடவில்லை, நான்கு கோரும் உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஆனால் நான்கும் சேர்ந்து உழைத்தும் இரண்டைப் பிடிக்க முடியவில்லை.

காரணம் பெயரில் இருக்கிறது. பென்டியம் என்ற ஒரே பெயரை இன்டெல் இரண்டு வேறு குடும்பங்களுக்கு வைத்தது. அதே காலத்தில் பென்டியம் 3805யு என்று ஒன்று வந்தது, அது ஐ3-யின் குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு இன்டெல் வைத்த பெயர் பிராட்வெல். எண்ணுக்கு முன்னால் 'என்' எழுத்து வரும் என்3710, இன்டெலின் குறைந்த மின்சார வரிசையான ஏட்டம் வழி வந்தது. அதன் கோருக்கு ஏர்மான்ட் என்று பெயர், டேப்லெட்டுகளுக்காக மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வடிவமைத்தது. ஏர்மான்ட் கோர் ஒரு கடிகாரத் துடிப்புக்கு அதிகபட்சம் இரண்டு கட்டளைகளைப் பிரித்தெடுக்கும், பிராட்வெல் கோர் நான்கு. அதனால் 2.56 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஏர்மான்ட், 2.0-ல் ஓடும் பிராட்வெல்லிடம் தோற்றதில் ஆச்சரியம் இல்லை. ஐ3-யின் ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைக் கயிறுகளை (த்ரெட்) பிடித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. டாஸ்க் மேனேஜர் மாதிரியான திரைகளில் அதற்கும் நான்கு கட்டங்கள் தெரிவது அதனால்தான்.

அன்று இரவு அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அம்மிணி, ஆயிரம் அடி போர்ல அரை எச்பி மோட்டார் நாலு எறக்குனா தண்ணி மேல வருமா?" வராது. ஆழத்தில் இருந்து தூக்கும் பலம் ஒரு மோட்டாருக்கே இருக்க வேண்டும். அப்புறம் அவரே சேர்த்துக்கொண்டார்: "தொட்டியில கெடக்கற தண்ணிய நாலு பாத்திக்கு எறைக்கறதுன்னா சின்ன மோட்டாரு நாலு ஆகும்." இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. நாம் லேப்டாப்பில் செய்யும் வேலையில் பெரும்பகுதி ஆழக் கிணற்று வேலை. ஒரு மெனு விரிவதும், ஒரு பக்கம் திறப்பதும், சி++ நிரல் ஒன்று தொகுக்கப்படுவதும் பெரும்பாலும் ஒரே கோரின் தோளில் விழுகின்றன. அவளுடைய சின்ன சி++ பாடநிரல் ஒன்றைத் தொகுக்க ஐ3-க்கு ஒரு வினாடி, பென்டியத்துக்கு இரண்டு. ஒரு தடவை என்றால் பெரிதாகத் தெரியாது. பிழை திருத்தித் திருத்தி நாற்பது தடவை ஓட்டும் பிள்ளைக்கு அது தெரியும்.

வேகத்தோடு விஷயம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் படங்களைப் பிரித்தறியும் ஒரு பயிற்சியைப் பார்த்துவிட்டு, அதற்கு வேண்டிய டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் தொகுப்பை இரண்டிலும் நிறுவினாள். பென்டியத்தில் அதை அழைத்த முதல் வரியிலேயே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சொல்லி நிரல் செத்துவிட்டது. தன் நிரலில்தான் தப்பு என்று ஒரு மணி நேரம் தேடியிருக்கிறாள், பாவம். தப்பு அவளுடையது அல்ல. டென்சர்ஃப்ளோவின் ஆயத்தப் பொதிகள் 1.6 பதிப்பில் இருந்து, அதாவது 2018 முதல், ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பை எதிர்பார்க்கின்றன. ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் கட்டளைகள் அவை. ஐ3-5005யு-வில் ஏவிஎக்ஸும் இருக்கிறது, அடுத்து வந்த ஏவிஎக்ஸ்2-வும் இருக்கிறது. என்3710-ல் இரண்டுமே இல்லை. லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' கட்டளையைக் கொடுத்து, வரும் நீண்ட பட்டியலில் ஏவிஎக்ஸ் என்ற சொல்லைத் தேடினால் தெரிந்துவிடும். மெதுவாக ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடவே ஓடாததை என்ன செய்வது? படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் வாங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நம்பை, சைகிட்-லேர்ன் என்ற வேறு இரண்டு பைத்தான் தொகுப்புகள் பென்டியத்திலும் ஓடின, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீடியோ மாற்றத்திலும் இதே ஏவிஎக்ஸ்2 ஐ3-க்குக் கைகொடுத்தது. போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவை எச்.264 என்ற வீடியோ சுருக்க முறைக்கு மாற்ற ஐ3 இரண்டரை நிமிடம் எடுத்தது, பென்டியம் நாலே கால் நிமிடத்தைத் தொட்டது. மாற்றும்போது பென்டியத்தின் வேகத்தையும் கவனித்தேன். நான்கு கோரும் சேர்ந்து உழைக்கும்போது 2.56-ஐ அது எட்டவே இல்லை. விசிறி இல்லாத உடம்பு, சூடு ஏற ஏறத் தானாகவே இறங்கிக்கொள்கிறது. பெட்டியில் அச்சடித்த உச்ச வேகம் ஒரு கோர் கொஞ்ச நேரம் ஓடுவதற்கு மட்டும்தான்.

இவ்வளவும் படித்துவிட்டுப் பென்டியம் குப்பை என்று யாராவது முடிவுக்கு வந்தால் எனக்கு வருத்தம்தான். அது ஜெயித்த இடங்களும் உண்டு, அவை அப்பாவுக்குப் பொருந்தும் இடங்கள்.

முதலாவது மின்சாரம். சும்மா திரை எரிந்துகொண்டிருக்கும்போது மின்செலவை அளக்கும் பவர்டாப் நிரல் காட்டியது பென்டியத்தில் சுமார் 5 வாட், ஐ3-யில் 8-ஐ ஒட்டி. பழைய பாட்டரியோடு பென்டியம் நாலு மணி நேரம் நின்றது. மழைக்காலத்தில் தோட்டத்தில் கரன்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. விசிறி இல்லாததால் தென்னந்தோப்புத் தூசியும் உள்ளே போக வழியில்லை, வருடா வருடம் பிரித்துச் சுத்தம் செய்ய நான் போக வேண்டியதில்லை. சத்தமும் இல்லை.

இரண்டாவது வீடியோ பார்ப்பது. பல போன்கள் இப்போது ஹெச்ஈவிசி என்ற சுருக்க முறையில் வீடியோவைப் பதிவு செய்கின்றன. என்3710-ல் உள்ள கிராஃபிக்ஸ் பகுதியான எச்டி கிராஃபிக்ஸ் 405, சாதாரண 8 பிட் ஹெச்ஈவிசியை முழுவதும் வன்பொருளிலேயே விரிக்கும். ஐ3-யில் உள்ள எச்டி கிராஃபிக்ஸ் 5500-க்கு அந்த முழு வசதி இல்லை, ப்ராசசரும் சேர்ந்து உழைக்க வேண்டும். பேரன் அனுப்பிய பிறந்தநாள் வீடியோ பென்டியத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு விஷயத்திலாவது சின்னவன் பெரியவனை முந்தியதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

யூடியூபில் மட்டும் ஒரு கைவேலை தேவைப்பட்டது. யூடியூப் பெரும்பாலும் விபி9 முறையில் வீடியோவை அனுப்பும். அதை முழுமையாக வன்பொருளில் விரிக்கும் வசதி இரண்டு சில்லுக்கும் இல்லை. ஐ3 தன் பலத்தால் சமாளித்துவிடும், பென்டியத்தில் 1080 வரி வீடியோ தத்தித் தத்தி ஓடியது. ஃபயர்ஃபாக்ஸில் எச்264இஃபை என்ற நீட்சியைப் போட்டேன். அது யூடியூபிடம் எச்.264-ஐக் கேட்டு வாங்கும். ஃபயர்ஃபாக்ஸ் 115-ல் இருந்து லினக்ஸில் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு வன்பொருள் விரிப்பு தானாகவே இயங்குகிறது. அவ்வளவுதான், தத்தல் நின்றது. 4 ஜிபி ரேம் போதாமல் திணறாமல் இருக்க இசட்ரேமையும் இயக்கினேன். பயன்படாத நினைவகப் பக்கங்களை அது ரேமுக்குள்ளேயே சுருக்கிவைத்துக்கொள்ளும்.

விலைக்கு வருவோம். ஐ3-க்கு 9,000, எஸ்எஸ்டி 1,800, ரேம் 600, பசை 150, ஆக 11,550. பென்டியத்துக்கு 6,000-மும் எஸ்எஸ்டி 1,800-மும் சேர்த்து 7,800. மொத்தம் 19,350. இரண்டுக்கும் வாங்கிய விலையில் 3,000 ரூபாய்தான் வித்தியாசம். அந்த மூவாயிரத்துக்கு ஒரு கோருக்கு ஏறக்குறைய இரு மடங்கு வேகமும், ஏவிஎக்ஸும், 8 ஜிபிக்கு மேலும் ரேம் கூட்டும் வழியும் கிடைக்கின்றன. படிப்புக்கோ வேலைக்கோ என்றால் அந்த மூவாயிரத்தை யோசிக்காமல் கொடுத்துவிடலாம். என்3710 லேப்டாப்பை 6,000-க்கு மேல் யாராவது சொன்னால் நான் வாங்கமாட்டேன். நான் கொடுத்த 6,000-மே கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் 1,800 ரூபாய் எஸ்எஸ்டியைப் போட்டு எழுப்புங்கள், பெரியவர்களுக்கு நன்றாக உழைக்கும்.

இன்னும் இரண்டு மூவாயிரம் கூடப் போட முடிகிறவர்கள் ஐ3-5005யு-விலும் நிற்க வேண்டாம். ஐ3-8130யு 2018-ல் வந்தது, டர்போவில் 3.4 வரை ஏறும், விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது. அதேபோல 'என்' என்று பார்த்ததும் ஓடிவிடவும் வேண்டாம். 2023-ல் வந்த என்100 சில்லின் கோர் வேறு தலைமுறை, ஏவிஎக்ஸ்2 உண்டு, இந்த ஐ3-யை எளிதாக முந்தும். நான் சொன்னது அந்தப் பழைய என் வரிசைக்கு மட்டும்.

ஞாயிறு மாலை அவள் இரண்டு லேப்டாப்களையும் மூடிவைத்துவிட்டு ஐ3-யை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். நோட்டில் எழுதிய அந்த நான்கு எண்களையும் வகுப்பில் நாலு கோர் பேச்சைத் தொடங்கிவைத்த தோழிக்குக் காட்டப்போகிறாளாம். பென்டியத்தைத் துடைத்து, திரையில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, யூடியூப், செய்தி, வீடியோ என்று மூன்றே மூன்று சின்னங்களை மட்டும் மேசைத்திரையில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பொள்ளாச்சிக்குப் போகும்போது கொடுக்க வேண்டும். ஐ3-யின் பாட்டரிதான் பாக்கி. கையில் மீந்தது 650 ரூபாய், அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கி மாட்டிவிடலாம். அதுவரை சார்ஜரைப் பிடுங்காமல் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.